படக்கதையில் ஆடு செத்தால்: படித்துக் காட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வளரும் பிள்ளைகள் சாவைப் பார்க்காமல் இல்லை. கோழியைக் கீரி கொண்டுபோவதையும் ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் நாயையும் பார்த்துவிட்டுத்தான் அங்கன்வாடிக்குப் போகிறார்கள். ஆனால் படக்கதையில் ஆடு சாகும் பக்கம் வந்தால் பெரியவர்களுக்குத்தான் கை தடுமாறுகிறது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுகிறோம்.

அது செல்லாது. படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கம்தான். அதில் பாதிக் கதையைப் படமே சொல்லிவிடும். நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். போன பக்கத்தில் அப்புச்சியின் துண்டை மென்றுகொண்டிருந்த ஆடு இந்தப் பக்கத்தில் இல்லை, கயிறு மட்டும் கிடக்கிறது என்றால், “ஆடு எங்க?” என்று கேட்காமல் விடாது.

அப்போது நாம் சொல்லும் பதில்தான் பெரிய தவறு. “தூங்குது”, “ஊருக்குப் போயிருக்கு”. செத்தது திரும்பி வராது என்பது ஐந்து வயதுக்குக் கீழே பல பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் மெல்ல விளங்கும். அதுவரை நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும். தூக்கம் என்று சொன்னால் ராத்திரி கண்ணை மூடப் பயப்படலாம். ஊருக்குப் போனது என்றால், பொள்ளாச்சிக்கு வேலைக்குக் கிளம்பும் அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளலாம்.

சரி, என்னதான் சொல்வது? “ஆடு செத்துப்போச்சு கண்ணு. அதுக்கு மூச்சு நின்னுபோச்சு. இனிப் பசிக்காது, வலிக்காது. திரும்பி வராது.” இவ்வளவு போதும். மறுநாள் “எப்ப வரும்?” என்று மறுபடி கேட்கும். சலித்துக்கொள்ளாமல் அதே பதிலை அதே வார்த்தையில் சொல்லுங்கள். பதில் மாறவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் பல நேரம் கேட்கிறது. சாமிகிட்டப் போனது என்று சொல்லும் வீடுகள் சொல்லிக்கொள்ளட்டும், ஆனால் செத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, சிரிப்பை அடக்குவது. ஆடு செத்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, துண்டு மென்ற பக்கத்துக்குத் திரும்பிப்போய்ப் பிள்ளை கெக்கெக்கே என்று சிரிக்கும். “பாவம், சிரிக்கக் கூடாது” என்போம். ஏன் கூடாது? சின்னப் பிள்ளைகளின் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும், நடுவில் விளையாட்டும் வரும். நம் எழவு வீடுகளில் மட்டும் என்ன, பதினாறாம் நாளுக்குள் செத்தவருடைய குறும்பைச் சொல்லிச் சிரிக்காத பங்காளிகள் உண்டா? நல்ல படக்கதை வேடிக்கையை முன்னால் வைப்பதே, அந்த ஆட்டைப் பிள்ளைக்குப் பிடித்துப்போவதற்காகத்தான். அந்த வேடிக்கையைத் தாண்டிப் படித்தால் சாவும் வெறும் செய்திதான்.

“இதிலிருந்து என்ன தெரியுது?” என்று கடைசியில் கேட்கும் பழக்கத்தைப் பஞ்சதந்திரத்தோடு விட்டுவிடலாம்.

வீட்டில் யாராவது தவறிய அன்றைக்கு மருந்து வாங்குவதுபோல இப்படி ஒரு புத்தகம் தேடுவதும் உதவாது. நல்ல நாளிலேயே நாலைந்து தடவை படித்திருந்தால், தேவைப்படும்போது பிள்ளையே எடுத்துக்கொண்டு வரும்.

அப்புறம் மொழி. அங்கன்வாடியில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று வளரும் பிள்ளைக்கு மலையாளப் புத்தகத்தை வரிக்கு வரி தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்துப் படிப்பவர்கள் இங்கே நிறைய. கதையின் வேகமே போய்விடும். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து உங்கள் பேச்சில் சொல்லுங்கள். எழுத்தோடுதான் வேண்டும் என்றால், சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழ், மலையாளம் இரண்டிலும் படக்கதைகள் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் இரண்டு மொழிக்கும் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் பார்ப்பதைவிட, இறக்கிப் பிரிண்ட் எடுத்துவிட்டால் பிள்ளை தானே பக்கம் புரட்டும்.