மீனம்பாக்கத்திலிருந்து லண்டன் எத்தனை கிலோமீட்டர்? ஃபோன் கால்குலேட்டரிலேயே கணக்குப் போடலாம்

சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதுதான் முதல் தப்பு. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று வைத்து, பிதாகரஸ் முறையில் சென்னை–லண்டன் தூரத்தைப் போட்டால் சுமார் 9,920 கி.மீ. வரும். உண்மையைவிட 1,700 கி.மீ. அதிகம். காரணம், தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்கிவிடும். தட்டைப் படத்தில் அது தெரியாது.

நம்பிக்கை வரவில்லையா? வியாசர்பாடியில் எந்தத் தெருவிலும் ஃபுட்பால் கிடைக்கும். ஐந்தாம் நம்பர் பந்தின் சுற்றளவு சுமார் 69 செ.மீ.; பூமிக்கு 40,000 கி.மீ. ஆக 1 செ.மீ. என்பது 580 கி.மீ. பந்தின் நடுவே ஒரு நூலைச் சுற்றுங்கள், அது பூமத்திய ரேகை. அதிலிருந்து 2.5 செ.மீ. மேலே சென்னைக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு நேர் கீழிருந்து நடுக்கோட்டிலேயே இடப்பக்கம் 15.5 செ.மீ. நகர்ந்து, அங்கிருந்து நேர் மேலே 9.9 செ.மீ. ஏறினால் லண்டன். இரண்டு புள்ளிக்கும் இடையே நூலை இறுக்கி இழுத்தால் 14.2 செ.மீ. வரும். விமானம் ஒட்டிப் போகப் பார்ப்பது அந்த நூலைத்தான்.

இனி துல்லியமான கணக்கு. சயின்டிஃபிக் கால்குலேட்டரை டிகிரிக்கு மாற்றுங்கள். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் அது ரேடியனில் இருக்கிறது.

சென்னை விமான நிலையம்: வடக்கு 12.99, கிழக்கு 80.17. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம்: வடக்கு 51.47, மேற்கு 0.46. மேற்கும் தெற்கும் மைனஸ். ஆகவே தீர்க்கரேகை வித்தியாசம் 80.17 + 0.46 = 80.63.

சைன் 12.99 × சைன் 51.47 = 0.1758
காஸ் 12.99 × காஸ் 51.47 × காஸ் 80.63 = 0.0988
கூட்டினால் 0.2746. இதற்குத் தலைகீழ் காஸ் (cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 74.06 டிகிரி.
74.06 × 111.19 = ஏறத்தாழ 8,235 கி.மீ.

காசிமேட்டு லாஞ்சுக்காரர்களுக்கு இன்னும் சுலபம்: 74.06 × 60 = 4,444 நாட்டிக்கல் மைல். ஒரு டிகிரிக்கு 60 நாட்டிக்கல் மைல் என்பது கடலிலும் வானிலும் ஒன்றே.

மைனஸை மறந்தால் லண்டனில் அறுபது கி.மீ.தான் பிசகும், கண்ணுக்கே படாது. அதே தப்பை நியூயார்க்கில் செய்தால் 13,476 கி.மீ.க்குப் பதில் 3,137 வரும்! தீர்க்கரேகை வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் மட்டும் பயப்பட வேண்டாம், காஸ் தானே சரிசெய்துகொள்ளும்.

அடுத்த குழி, 12 டிகிரி 59 நிமிடத்தை 12.59 என்று எழுதுவது. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும், 12.98 என்பதே சரி. தண்டையார்பேட்டை வீட்டில் உட்கார்ந்து, ஃபோன் காட்டும் இருப்பிடத்தைப் போட்டால் தொடக்கப் புள்ளியே சுமார் 20 கி.மீ. தள்ளிவிடும்.

பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் அரை சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். பறக்கும் தூரமோ எப்போதும் இதைவிடக் கூடுதல்: ஓடுதளத் திசை, வகுத்த வான்வழிகள், மூடிய வான்வெளி எல்லாம் சுற்ற வைக்கும். மேற்கே போகும்போது எதிர்காற்று இருப்பதால், இந்தத் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் போட்டால் போகும்போது குறைத்தும் திரும்பும்போது கூட்டியும் காட்டும்.