ஜாவால ப்ரைவேட் எங்க, பப்ளிக் எங்க போடணும்?

ஒரு கிளாஸுக்குள்ள இருக்கறதை அந்த கிளாஸ் மட்டும் தொடலாம்னா ப்ரைவேட், யாரு வேணா தொடலாம்னா பப்ளிக். ஜாவா புதுசா கத்துக்கறவங்க எர்ரர் வந்தா மொதல்ல பண்ற வேலை, ப்ரைவேட்டைத் தூக்கிட்டு பப்ளிக்னு போட்டு வாயை அடைக்கறது. நானும் அதைத்தான் பண்ணிட்டிருந்தேன். ஒரு பில்லிங் ப்ராஜெக்ட்ல பில் கிளாஸ்ல இருந்த மொத்தத் தொகை பப்ளிக், போட்டது சாட்சாத் நான்தான், யாரோ டிஸ்கவுண்ட் எழுதும்போது நேரா அதுல கைவச்சு கழிச்சுட்டாங்க, வரி மட்டும் பழைய தொகைக்கே நின்னுடுச்சு. எங்க மாறுதுன்னு தேடினா ஃபைல் ஃபைலா வருது. ப்ரைவேட்டா இருந்திருந்தா ஒரே ஃபைலைப் பாத்தா முடிஞ்சுது. இந்த வார்த்தைங்க இதுக்குத்தான், செக்யூரிட்டிக்கு இல்ல. ரிஃப்ளெக்ஷன்னு, ப்ரோக்ராம் ஓடும்போதே கிளாஸுக்குள்ள எட்டிப் பாக்கற வசதி இருக்கு, அதை வச்சு நம்ம கோடுல இருக்கற ப்ரைவேட்டைக்கூட படிச்சுடலாம், அதனால பாஸ்வேர்டை ப்ரைவேட்ல போட்டாச்சு பத்திரம்னு தூங்காதீங்க.

சரி, எப்படி எழுதறது? எல்லாத்தையும் ப்ரைவேட்டா ஆரம்பிங்க. வெளியில இருந்து தொட்டா கம்பைலர் கத்தும். உடனே திறந்து விடாம, அந்த வெளி கிளாஸுக்கு இது எதுக்கு வேணும்னு பாருங்க. டிஸ்கவுண்ட் கழிக்கத்தான்னா அந்த வேலையையே பில்லுக்குள்ள ஒரு மெத்தடா கொண்டு வாங்க, கழிக்கறதும் வரியைத் திருப்பி போடறதும் அங்கயே நடக்கட்டும், அந்த மெத்தட் மட்டும் பப்ளிக். எல்லா ஃபீல்டுக்கும் (கிளாஸ் வச்சிருக்கற மதிப்புங்க) கெட்டர் செட்டர், அதாவது படிக்க ஒரு மெத்தட் மாத்த ஒரு மெத்தட்னு, ஜெனரேட் பண்றது வாசக்கதவைப் பூட்டிட்டு சாவியை திண்ணையில வைக்கற மாதிரி.

லிஸ்ட் இருந்தா இன்னும் உஷார். ஃபீல்டு ப்ரைவேட்தான், ஆனா கெட்டர் அதே லிஸ்டைத் தூக்கி குடுத்தா வாங்கினவன் உள்ள ஐட்டம் சேப்பான், கிளியரும் பண்ணுவான். ஜாவா 10-ல இருந்து லிஸ்ட் காப்பிஆஃப் இருக்கு, மாத்த முடியாத காப்பியா குடுத்துடுங்க.

இப்ப குழப்பற ரெண்டு. ஒண்ணுமே எழுதாம விட்டா அது பப்ளிக் இல்ல, அதே பேக்கேஜுக்குள்ள (கிளாஸ்களைச் சேத்து வைக்கற ஃபோல்டர் மாதிரி) மட்டும் தெரியும். கடைன்னு ஒரு பேக்கேஜ், அதுக்குக் கீழ கடை டாட் பில்னு இன்னொண்ணு இருந்தா ரெண்டும் சொந்தமில்ல, ஃபோல்டர்தான் உள்ள இருக்கு, ஜாவாவுக்கு ரெண்டும் வேற வேற. அடுத்தது ப்ரொடெக்டட். பேரைப் பாத்து இதுதான் டைட்டுன்னு நினைப்போம், உண்மையில ஒண்ணும் எழுதாததை விட இது லூஸ், அதே பேக்கேஜ்ல எல்லாருக்கும் தெரியும், கூடவே வேற பேக்கேஜ்ல இருக்கற சப்கிளாஸுக்கும் (இந்த கிளாஸை பேரண்டா வச்சு எழுதின கிளாஸ்) தெரியும். சி ப்ளஸ் ப்ளஸ்ல இருந்து வர்றவங்க வழுக்கற இடம் இது. அந்த சப்கிளாஸும் தன்னோட டைப் ஆப்ஜெக்ட் மூலமாத்தான் தொட முடியும், பேரண்ட் டைப்ல ஒரு வேரியபிள் வச்சு தொட்டா எர்ரர்.

ப்ரைவேட்ங்கறது ஆப்ஜெக்டுக்கு இல்ல, கிளாஸுக்கு. அதனாலதான் ரெண்டு பில் ஒண்ணான்னு பாக்கற ஈக்வல்ஸ் மெத்தட் எழுதும்போது இன்னொரு பில்லோட ப்ரைவேட் ஃபீல்டை கூச்சமே இல்லாம எடுக்க முடியுது.

ஆப்ஜெக்டை எழுத்தா காட்டற டூஸ்ட்ரிங் மெத்தடை (எல்லா கிளாஸுக்கும் பேரண்ட்ல இருந்து வர்றது) நம்ம கிளாஸ்ல எழுதறப்ப பப்ளிக்கை மறந்தா வீக்கர் ஆக்சஸ்னு ஒரு எர்ரர் வரும், பேரண்ட்ல பப்ளிக்கா இருக்கறதை குழந்தை சுருக்க முடியாது, விரிக்கலாம். இன்டர்ஃபேஸ் மெத்தடும் இதே கதைதான். அப்புறம் 2017-ல வந்த ஜாவா 9-ல மாட்யூல் (பல பேக்கேஜைச் சேத்து கட்டின மூட்டை) சேந்துச்சு, பேக்கேஜை எக்ஸ்போர்ட் பண்ணலன்னா பப்ளிக்கும் அடுத்த மாட்யூலுக்குத் தெரியாது.

மத்த மொழிக்குப் போறப்ப பழக்கதோஷம் வேணாம்: எதுவும் எழுதாம விட்டா சி ஷார்ப்ல கிளாஸ் மெம்பர் ப்ரைவேட், கோட்லின்ல பப்ளிக். பைத்தான்ல நிஜமான பூட்டே கிடையாது, ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்டா பேருக்கு முன்னாடி கிளாஸ் பேரை ஒட்டி மாத்திடும், அவ்ளோதான்.

ஏற்கனவே எல்லாம் பப்ளிக்கா கிடக்கற பழைய கோடா? ஒரு ஃபீல்டை மட்டும் ப்ரைவேட்னு மாத்தி ப்ராஜெக்ட் முழுசையும் கம்பைல் பண்ணுங்க, வர்ற எர்ரர் லிஸ்ட்தான் யாரெல்லாம் தொடறாங்கங்கற லிஸ்ட். ஜாவா கம்பைலர் வழக்கமா 100 எர்ரரோட நிறுத்திக்கும், அதுக்கு மேல இருந்தா அந்த லிமிட்டை ஏத்திட்டு திரும்ப ஓட்டுங்க. என் பில் தொகையைத் தொட்ட ஆளையும் கடைசில இப்படித்தான் புடிச்சேன்.