முரசு வளர்கிறதா? குளிசையில் கை வைக்காதீர்கள்

மாற்றின சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தருகிற சைக்ளோஸ்போரின் குளிசை சிலருக்கு முரசை, அதாவது பல் ஈறை, வளர வைக்கும். சிறுநீரகம் மாற்றி அதை எடுப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிறுநீரில் புரதம் போகிற நெஃப்ரோட்டிக் வருத்தத்துக்கோ சொரியாசிஸ் என்ற தோல் வருத்தத்துக்கோ அதே குளிசை எடுப்பவர்களும் வாசிக்கலாம்.

எனக்கு மாற்றி நான்காம் மாதம், மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் முரசு ஒரு அரிசியளவு தள்ளிக்கொண்டு வந்தது. பனங்கிழங்குத் தும்பு குத்தியிருக்கும் என்று நினைத்து உப்புத்தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன். நோவில்லை, அதனால்தான் ஏமாந்தேன். பிறகு ஒரு கலியாண வீட்டுப் படத்தில் பார்த்தால் என் பல் பாதிதான் வெளியே தெரிகிறது.

முதலில் கண்ணாடிக்கு முன் நின்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இந்த வளர்ச்சி பெரும்பாலும் முன்பற்களின் இடுக்கில்தான் தொடங்கும், குளிசை தொடங்கி முதல் சில மாதங்களிலேயே தெரிய ஆரம்பிக்கும். எல்லோருக்கும் வராது, பெரியவர்களை விடப் பிள்ளைகளுக்குக் கூட வரும். வாயில் ஒரு பக்கத்தில் மட்டும் திடீரென்று கட்டிபோல் வந்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ அது வேறு கதை, அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் உடனே காட்டுங்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து எடுக்கிற எங்களுக்கு வாய்ப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களை விடக் கூட. வெற்றிலை போடுகிறவர்கள் அதை விட்டுவிடுவதுதான் நல்லது, ஆச்சி திட்டினாலும் பரவாயில்லை.

சரி, முரசு வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது, இனி என்ன செய்வது? குளிசையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். பல்லுக்காக ஒரு சிறுநீரகத்தை இழக்க முடியாது. கிளினிக் கொப்பியை எடுத்து, அதில் பிறசர் குளிசை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நிஃபெடிபின், அம்லோடிபின் வகைக் குளிசைகளும் முரசை வளர்க்கும், சைக்ளோஸ்போரினோடு சேர்ந்தால் இன்னும் மோசம். எனக்கு இரண்டும் இருந்தன, ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிறுநீரக டொக்டரிடம் வாயைத் திறந்து காட்டி, பிறசர் குளிசையை மாற்றலாமா, சைக்ளோஸ்போரினுக்குப் பதில் அதே வேலையைச் செய்கிற டக்ரோலிமஸ் தரலாமா என்று கேளுங்கள். டக்ரோலிமஸில் இந்தப் பிரச்சினை மிகக் குறைவு. ஆனால் அதற்கென்று வேறு பக்கவிளைவுகள் இருக்கின்றன, சீனி வருத்தம் அதில் ஒன்று, ஆகையால் எல்லோருக்கும் மாற்றமாட்டார்கள்.

பல் டொக்டரிடம் போகும்போது கொப்பியையும் கடைசி இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள், போனவுடனே “நான் கிட்னி மாற்றின ஆள்” என்று சொல்லுங்கள். முதல் 6 மாதத்துக்குள் என்றால் அவசரமில்லாத பல் வேலையைப் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். ஊத்தை, காறை எல்லாம் சுரண்டி எடுத்தாலே வீக்கம் ஓரளவு வடியும், ஏனென்றால் முரசை வளர வைப்பது மருந்து என்றாலும் அதற்குத் தீனி போடுவது பல்லில் படிகிற ஊத்தைதான், எங்கள் கையில் இருப்பதும் அது ஒன்றுதான்.

அதனால் பல்லுத் தீட்டுவதை இனிமேல் ஒரு வேலையாக எடுத்துச் செய்யுங்கள். மெல்லிய தும்புள்ள பிரஷை முரசும் பல்லும் சேருகிற விளிம்பில் சரித்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக, காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். இடுக்குக்கு நூலோ சின்ன இடுக்குப் பிரஷோ வேண்டும். இரத்தம் வருகிறதே என்று பயந்து நிறுத்தினால் ஊத்தை இன்னும் சேர்ந்து இன்னும் இரத்தம்தான் வரும். நான் அப்படித்தான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். குளோர்ஹெக்ஸிடின் கழுவு மருந்து தந்தால், சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவியுங்கள். பற்பசை போட்ட கையோடு அதைக் கொப்பளிக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள். தேத்தண்ணீரும் சேர்ந்தால் பல் மண்ணிறமாகும், பயப்படத் தேவையில்லை, பிறகு சுரண்டி எடுக்கலாம்.

பல் நோகிறது என்று பாமசியில் நீங்களாக டைக்ளோஃபெனக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடக்கூடாது, இரண்டும் சிறுநீரகத்தைத் தாக்கும். எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக்குகள் சைக்ளோஸ்போரின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும், பங்கஸுக்குத் தருகிற ஃபுளூகொனசோலும் அப்படித்தான். பல் டொக்டர் எதை எழுதினாலும் சிறுநீரக கிளினிக்கில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போடுங்கள். அப்புறம் இந்த ஜம்போலப் பழம் (பம்பளிமாஸ்), அதுவும் சைக்ளோஸ்போரின் அளவைக் கூட்டும், வளவில் காய்த்தாலும் அயலவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் வடியாவிட்டால் மிச்ச முரசை வெட்டி எடுப்பார்கள். விறைக்க ஊசி போட்டுச் செய்வதால் நோகாது, ஆனால் அதே குளிசை தொடர்ந்தால் திரும்பவும் வளரலாம், அதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள். எனக்குப் பிறசர் குளிசை மாற்றி, பல் சுத்தம் செய்து சில மாதத்தில் மேல்வரிசை இறங்கிவிட்டது. கீழே இன்னும் கொஞ்சம் நிற்கிறது. வெட்டுவோமா என்று பல் டொக்டர் கேட்டார், கறுத்தக்கொழும்பான் மாம்பழ சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.