எரிந்தது ஸாப்பாவின் மேடை: ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டார் வாங்கிய முதல் வாரத்திலேயே பலரும் தடவிப் பார்க்கும் இசைத்துணுக்கு ஒன்று உண்டு. மொத்தம் பன்னிரண்டு தட்டல்கள்தான். டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ (நீரின்மேல் புகை) பாடலின் தொடக்கம் அது. அந்தத் துணுக்கோடு சேர்ந்து பாட்டு பிறந்த கதையும் ஊரெங்கும் பரவிவிட்டது. பரவும்போது அதற்குக் கை கால் முளைத்து, நடந்தது ஒன்று, சொல்வது ஒன்று என்றாகிவிட்டது. இத்தனைக்கும் கதையைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. என்ன நடந்தது, எங்கே நடந்தது, யார் யார் இருந்தார்கள் என்று பாட்டே வரிசையாகச் சொல்கிறது. உள்ளூர் நிருபர் ஒருவர் இரவோடு இரவாக எழுதி அனுப்பிய செய்தி போல இருக்கும் அந்த வரிகளைச் சரியாகக் கேட்காமல், பாட்டுக்குப் பின்னால் எதையோ துழாவுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

முதல் பிழை, அடிக்கடி கண்ணில் படுவது: “டீப் பர்ப்பிள் கச்சேரியின்போது தீப்பிடித்தது.” இல்லை. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரிலுள்ள கேசினோ அரங்கில் மேடையில் இருந்தவர்கள் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவும். டீப் பர்ப்பிள் ஆட்கள் அந்த ஊருக்கு வந்திருந்தது ஆல்பம் ஒலிப்பதிவு செய்ய. குளிர்காலத்துக்காக கேசினோ மூடப்படவிருந்தது. ஸாப்பாவின் கச்சேரிதான் அந்தப் பருவத்தின் கடைசி நிகழ்ச்சி. அது முடிந்ததும் காலி அரங்கம் இவர்கள் கைக்கு வரும் என்பது ஏற்பாடு.

‘கிங் காங்’ என்ற உருப்படி நடந்துகொண்டிருந்தது. ஸாப்பா குழுவின் டான் பிரெஸ்டன் சிந்தசைசரில் தனி வாசித்துக்கொண்டிருந்தபோது பார்வையாளர்களில் ஒருவர் ஒளிக்குண்டுத் துப்பாக்கியை மேல்நோக்கிச் சுட்டார். கப்பலில் ஆபத்து என்றால் வானத்தில் சுடுவார்களே, அந்த வகைத் துப்பாக்கி. அரங்கின் உட்கூரை பிரம்பு வேய்ந்தது. பிறகு கேட்க வேண்டுமா? ஆகவே ஸாப்பா குழுவின் மேடை வாணவேடிக்கையால் தீப்பிடித்தது என்று எழுதுவதும் தவறு, மின்கசிவு என்று எழுதுவதும் தவறு. துப்பாக்கியோடு வந்த அந்த ஆளைப் பாட்டு ஒரே சொல்லில் ‘முட்டாள்’ என்று திட்டிவிட்டுக் கடந்துபோகிறது. ஸாப்பா பதறாமல், அமைதியாக வெளியேறும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். கேசினோ தரைமட்டமானது. உயிர்ச்சேதம் இல்லை. மதர்ஸ் குழுவின் கருவிகள் அத்தனையும் சாம்பல்.

பாட்டில் ‘ஃபங்கி குளோட்’ என்று ஒருவர் உள்ளேயும் வெளியேயும் ஓடிப் பிள்ளைகளை இழுத்துப் போடுகிறாரே, அவர் கற்பனைப் பாத்திரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் இன்னும் மோசம். வெகுகாலம் அந்தச் சொல்லை ‘கிளவுட்’ என்றே கேட்டு, புகை மேகத்தைக் கவிதையாகச் சொல்கிறார்கள் என்று எனக்கு நானே பொழிப்புரை எழுதிவைத்திருந்தேன். அவர் குளோட் நோப்ஸ். 1967-இல் தொடங்கிய மோந்த்ரோ ஜாஸ் விழாவின் நிறுவனர்களில் ஒருவர், டீப் பர்ப்பிளை அந்த ஊருக்கு வரவழைத்து இடம் பிடித்துக் கொடுத்தவர். அன்றிரவு உள்ளே சிக்கியவர்களை வெளியே கொண்டுவர உண்மையாகவே ஓடினார்.

இன்னொரு குழப்பம், ஸாப்பா இந்தத் தீயில் படுகாயம் அடைந்தார் என்பது. இரண்டு விபத்துகளை ஒன்றாகத் தைத்துவிட்டதன் விளைவு. தீ விபத்துக்குச் சரியாக ஆறு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, லண்டன் ரெயின்போ அரங்கில் பார்வையாளர் ஒருவர் மேடையேறி அவரைக் கீழே தள்ளிவிட்டார். கால் முறிந்தது, குரல்வளை நசுங்கியது, மாதக்கணக்கில் சக்கர நாற்காலி. ஒரே வாரத்தில் ஒரு மனிதனுக்கு இரண்டும் நடந்தது என்பதால் கதை சொல்பவர்களுக்கு நாக்கு தடுமாறுகிறது போலும்.

இடத்திலும் ஒரு சறுக்கல். பாட்டில் ஜெனீவா ஏரி வருவதால் சம்பவம் ஜெனீவா நகரில் நடந்ததாக எழுதிவிடுகிறார்கள். ஏரியின் ஒரு கோடியில் ஜெனீவா, ஏறக்குறைய மறு கோடியில் மோந்த்ரோ. பிறை வடிவில் நீண்டு கிடக்கும் பெரிய ஏரி அது. உள்ளூரில் அதன் பெயர் லெமான்.

தலைப்பில் ‘ஸ்மோக்’ இருப்பதால் பாட்டுக்குப் போதைப்பொருள் அர்த்தம் கற்பிப்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்தச் சந்தேகம் முதலில் வந்ததே குழுவுக்குள்தான். எரியும் கேசினோவிலிருந்து எழுந்த புகை ஏரி நீரின்மேல் படர்ந்ததை ஹோட்டலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழித்தபோது பாஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் குளோவரின் வாயில் இந்தச் சொற்றொடர் தானாக வந்தது. பாடகர் இயன் கில்லனிடம் சொன்னார். கேட்டவுடனே இது போதைப் பாட்டு மாதிரி அல்லவா இருக்கிறது என்று தயங்கியிருக்கிறார்கள்; அவர்களுடைய குழுவுக்குப் பழக்கம் மதுவோடுதான். நீரின்மேல் புகை என்பது கண்ணால் பார்த்த காட்சி. அதற்கு மேல் அதில் எதையும் ஏற்ற வேண்டாம்.

பாட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைச் சுட்டும் ஒரு வரி வருகிறது. அதை வைத்துக்கொண்டு அவர்களும் மோந்த்ரோவில் இருந்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே இருந்தது அவர்களுடைய லாரி. ஒலிப்பதிவுக் கூடம் முழுவதையும் ஒரு வண்டிக்குள் அடக்கி வாடகைக்கு விட்டார்கள். லெட் செப்பலின் உள்படப் பல குழுக்கள் அதைப் பயன்படுத்தியிருக்கின்றன. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, வடங்களை உள்ளே இழுத்துப் பதிவு செய்யலாம். கேசினோ எரிந்த பிறகும் டீப் பர்ப்பிளிடம் லாரி இருந்தது, ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் இருந்தார், ஆனால் வாசிக்க இடம் இல்லை.

இந்த இடம் தேடும் படலத்தில்தான் இசை இதழ்களில் எழுதுபவர்கள்கூடக் கோட்டை விடுகிறார்கள். கடைசியில் கிராண்ட் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று பாட்டு சொல்கிறது. ஆகவே பாட்டும் அங்கேயே பதிவானது என்று எழுதிவிடுகிறார்கள். ஆல்பத்தின் மற்ற பாடல்களுக்கு அது பொருந்தும். இந்தப் பாட்டின் இசைத்தடம் மட்டும் அதற்கு முன்பே, நோப்ஸ் தேடிக் கொடுத்த ‘பெவிலியன்’ என்ற ஊர் நடுவிலிருந்த அரங்கில் பதிவாகிவிட்டது. அப்போது அதற்கு வரிகளும் இல்லை, பெயரும் இல்லை. ‘தலைப்பு எண் 1’ என்று குறித்துவைத்திருந்தார்கள். ராத்திரி நேரம். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டுப் போலீஸைக் கூப்பிட்டார்கள். போலீஸ்காரர்கள் வெளியே நின்று கதவை இடிக்க, குழுவின் உதவியாட்கள் உள்ளேயிருந்து கதவைத் தள்ளிப் பிடித்துக்கொள்ள, நடுவில் இவர்கள் வாசித்து முடித்தார்கள். முடித்த கையோடு வெளியேற்றப்பட்டார்கள். ஆக, எரிந்த கேசினோவைப் பார்த்து மனம் உருகி மெட்டுப் போட்டார்கள் என்ற உருக்கமான வருணனையையும் எடுத்துவிடலாம். முதலில் மெட்டு. ஆல்பத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் குறைகின்றன என்று தெரிந்த பிறகே அந்தத் தடத்தைத் தூசி தட்டி எடுத்து, நடந்த சங்கதியையே வரிகளாக்கினார்கள்.

கிராண்ட் ஹோட்டலையும் பெயரை வைத்து மாளிகையாக எண்ணிக்கொள்ள வேண்டாம். குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த, ஆளரவமற்ற கட்டடம். கூடத்தை ஒட்டிய நடைவழியில் கருவிகளைப் பரப்பி, எதிரொலியை அடக்க மெத்தைகளைச் சுவர்போல நிறுத்தினார்கள். மெத்தை வழியை அடைத்துவிட்டது. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க லாரிக்குப் போக வேண்டுமென்றால் படுக்கையறை, குளியலறை, பால்கனி என்று ஏறி இறங்கிச் சுற்றிவர வேண்டும். இரண்டு மூன்று முறை போய்வந்தார்கள், பிறகு அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றினால் அடுத்த பாட்டு. இரண்டே வாரத்தில் முடிந்த ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் ஒரு மேடைக் கச்சேரியின் சூடு இருப்பதற்கு அந்தப் பால்கனிகளுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

“வெளிவந்ததும் உலகையே உலுக்கியது” என்ற வாக்கியத்தையும் அழித்துவிடுங்கள். ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தது. தனிப் பாடலாக வெளியிட முதலில் அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘நெவர் பிஃபோர்’ என்ற வேறொரு பாட்டை. இன்று அதை நினைவுபடுத்திச் சொன்னால்தான் தெரியும். ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ அமெரிக்காவில் தனி இசைத்தட்டாக வந்தது 1973-இல். அந்தக் கோடையில் பில்போர்டு இதழின் பாடல் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. அது உச்சத்தைத் தொட்ட நாட்களில் தலைப்பைக் கண்டுபிடித்த குளோவரும் பாடிய கில்லனும் குழுவை விட்டே விலகியிருந்தார்கள்.

இனி அந்தத் துணுக்கு. கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர், பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைத் தலைகீழாக்கியதுதான் இது, அவருக்கு நான் நிறையப் பணம் பாக்கி என்ற பொருளில் பேட்டி கொடுத்திருக்கிறார். அதைக் கல்வெட்டு போல மேற்கோள் காட்டுகிறார்கள். முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் கிண்டல் செய்வது அந்த மனிதரின் சுபாவம். கிண்டலாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

வாசிப்பவர்கள் செய்யும் முதல் தவறு, தடித்த கடைசித் தந்தியில் ஒற்றைச் சுரமாகத் தேய்ப்பது. அடுத்த கட்டத்தில் ‘பவர் கார்டு’ பிடித்து மீட்டுகிறார்கள், அதுவும் தவறு. பவர் கார்டில் கீழே ஆதார சுரம், மேலே பஞ்சமம். பிளாக்மோர் வாசிப்பதில் பஞ்சமம் கீழே போய்விடுகிறது, ஆதாரம் மேலே நிற்கிறது. நான்காவது, மூன்றாவது தந்திகள் இரண்டையும் சேர்த்து, முதலில் விரல் வைக்காமல் திறந்தபடி, பிறகு கிட்டார் கழுத்தின் 3-ஆம், 5-ஆம் கட்டைகளில் (ஃபிரெட்). மறுபடி திறந்தபடி, 3, 6, 5. கடைசியாகத் திறந்தபடி, 3, 5, 3, திறந்தபடி. இரண்டு தந்தியிலும் ஒரே கட்டை.

மேல் சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ச க ம, ச க ம ம, ச க ம க ச என்று வரும். காந்தாரம் சாதாரண காந்தாரம். நடுத்துணுக்கில் அடுத்தடுத்து வரும் மத்தியமங்களில் முன்னது பிரதி மத்தியமம், பின்னது சுத்த மத்தியமம். சங்கீதம் கற்ற காது அந்த உரசலை உடனே பிடித்துவிடும்.

பிக் எனப்படும் மீட்டுவில்லையால் மேலிருந்து கீழாக இழுத்தால் ஒரு தந்தி முன்னும் ஒரு தந்தி பின்னுமாக ஒலிக்கும். பிளாக்மோர் கட்டைவிரலாலும் இன்னொரு விரலாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் கிள்ளுகிறார். சுரங்களை இழுக்கவிடாமல் நறுக்கென்று துண்டிக்கவும் வேண்டும். திறந்த தந்தி தானாக ரீங்கரித்துக்கொண்டே இருக்கும், அதை உள்ளங்கையால் அடக்காவிட்டால் எல்லாம் கூழாகிவிடும். முதல் மூன்று சுரங்கள் தாளத்தின் அடியில் விழுகின்றன. இரண்டாவது துணுக்கு பெரும்பாலும் அடிகளுக்கு இடையில் விழுகிறது. எல்லாவற்றையும் அடியிலேயே போட்டு வாசிப்பவருக்கு ஏதோ குறைகிறது என்று தெரியும், எது என்று தெரியாது. நானும் வெகுநாள் அப்படித்தான் இருந்தேன்.

தொடக்கத்தில் கேட்கும் முரட்டு ஒலி முழுவதையும் கிட்டார் கணக்கில் எழுதுவதும் சரியல்ல. குழுவின் ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் விசைப்பலகையை கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகி, அதே துணுக்கைச் சேர்ந்து வாசிக்கிறார். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். முதலில் கிட்டார் தனியாக. பிறகு டிரம்ஸ் கலைஞர் இயன் பெய்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டும், கரகரப்பான ஆர்கனும். அடுத்து டிரம்ஸ் முழுவதும். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, கில்லன் வாய் திறப்பதற்குச் சற்று முன்னால், குளோவரின் பாஸ் உள்ளே நுழைகிறது.