சம்பளம் ஏறுவதற்கு முன்பே ‘போதும்’ என்று கோடு போடுவது எப்படி

பணம் திருப்தி தராது என்று பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டாத சபையார் கிடையாது. சம்பள உயர்வு வந்த மாதமே அது மறந்துபோகும். ‘பொருள் பெருகினால் அதைத் தின்கிறவர்களும் பெருகுகிறார்கள்’ என்று வேதாகமத்தின் பிரசங்கி புத்தகம் (5:11) காரணத்தையே சொல்லிவிடுகிறது. பைக் நின்ற இடத்தில் கார் வந்தால் செலவு மாதத் தவணையோடு முடிவதில்லை. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், நிறுத்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் தீனி போட வேண்டும். வருமானம் ஏற ஏற ‘போதும்’ என்கிற கோடும் கூடவே ஏறிவிடுகிறது. அதனால் பணம் கைக்கு வருமுன்பே கோட்டைப் போட்டுவிட வேண்டும்.

கடந்த 3 மாத வங்கிப் பதிவுகளை எடுத்து வையுங்கள். 1 தீமோத்தேயு 6:8 கேட்பது உணவும் உடையும்தான். அதோடு வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்புவது ஆகியவற்றைக் கூட்டுங்கள். கிறிஸ்துமஸ் துணி, கல்யாண மொய், இன்சூரன்ஸ் போன்ற வருடச் செலவுகளை 12-ஆல் வகுத்துச் சேர்க்கவும். பலர் தவறுவது இங்கேதான். இவற்றை விட்டுவிட்டால் டிசம்பர் வந்ததும் கோடு அழிந்துவிடும். கூட்டி வரும் மாதத் தொகைதான் உங்கள் ‘போதும்’ கோடு.

ஒரு கணக்கு: சம்பளம் 40,000 ரூபாய். தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) 4,000, வீட்டுச் செலவு 33,000, சேமிப்பு 3,000. சம்பளம் 48,000 ஆகிறது. விலைவாசிக்காக வீட்டுச் செலவில் 2,000 மட்டும் கூட்டி 35,000-இல் நிறுத்துங்கள். மீதி 13,000. பாதி காணிக்கைக்கும் (தசமபாகமும் இதில் அடக்கம்) உதவிக்கும், பாதி சேமிப்புக்கும். இந்தத் திருத்தம் வருடத்துக்கு ஒருமுறைதான். மாதா மாதம் திருத்தினால் அது கோடே அல்ல.

இது புது யோசனை இல்லை. ஆரம்பகால ஆக்ஸ்போர்டு மெதடிஸ்டு ஒருவரின் கணக்கை, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பிரசங்கமொன்றில் சொல்கிறார். வருட வருமானம் 30 பவுண்டு. 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார். வருமானம் 60 ஆனபோதும் 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். நான்காம் வருடம் 120 வந்தது. அப்போதும் அதே 28, ஏழைகளுக்கு 92. அந்த ஆள் வெஸ்லியேதான் என்பது பலரின் கருத்து.

கோட்டைத் தனியாகப் போடாதீர்கள். லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவான் ‘தனக்குள்ளே’ யோசிக்கிறான்; என் தானியம், என் களஞ்சியம், என் பொருள், கடைசியில் தன் ஆத்துமாவோடே பேச்சு. நிறைந்திருந்த களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடும்போது ‘எதுக்குப்பா?’ என்று கேட்க அருகில் ஆளில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். கூச்சமில்லாமல் பேசக்கூடிய விசுவாசி ஒருவரிடமும் காட்டுங்கள்.

வட்டி அதிகமான கடன், குறிப்பாக கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால், சேமிப்புப் பங்கை முதலில் அதற்குத் திருப்புங்கள். வராத சம்பளத்தை முன்கூட்டியே தின்றுவிடுவது தவணை. இன்னொரு கோளாறு, கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பது. அது காணிக்கைப் பையில் போட்ட வட்டிக்கடை. திரும்பாதபோது கர்த்தர்மேல் கசப்புதான் மிஞ்சும்.

உண்ணவும் உடுக்கவும் இல்லாத வீட்டில் போய் ‘போதுமென்றிரு’ என்று புத்தி சொல்லவும் கூடாது. சிறையிலிருந்து எழுதிய பவுல் ‘மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்’ என்றது தன்னைப் பற்றி. கற்றுக்கொண்டேன் என்பதால், முதல் மாதமே வரவில்லை என்று கலங்கவும் வேண்டாம்.

பழகுவதற்குப் பிடியரிசி நல்லது; சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைப்பது. திருநெல்வேலிச் சபைகளில் பழைய வழக்கம். மிசோரம் சபைகளில் இன்றும் உண்டு. அடுப்பருகே மூடியுள்ள டப்பா ஒன்று. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து, களைவதற்கு முன், ஒரு பிடி அதில். மூட்டையிலிருந்து தனியாக அள்ளிப் போட்டால் சாப்பாட்டில் எதுவும் குறையாது. அளந்ததிலிருந்து எடுத்தால்தான் குறையும், குறைந்தும் வயிறு நிறைவது தெரியும். ஈரக்கை பட்டால் வண்டு வரும். ஞாயிறுதோறும் அரிசியைச் சபையில் கொடுத்து டப்பாவைக் காலி செய்துவிடுங்கள்.