திருகோணமலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மாதச் சந்தாவுக்கு உங்கள் அட்டை ஏன் மறுக்கப்படுகிறது?

லண்டன், ரொறன்ரோ, தமிழ்நாடு என்று எங்கிருந்து திருமலைக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்தாலும், வாடகை வீடு, சிம், பஸ் நேரம் எல்லாவற்றையும் முதல் கிழமையே விசாரித்துவிடுகிறீர்கள். மாதச் சந்தா கட்டும் வங்கி அட்டையை மட்டும் யாரும் நினைப்பதில்லை. பிள்ளையின் இணைய வகுப்போ வேலைக்கான மென்பொருளோ திடீரென்று நின்ற பிறகுதான் தேடத் தொடங்குகிறீர்கள்.

காசு இருந்தும் அட்டை மறுக்கப்படுகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: அட்டை ஒரு நாட்டு வங்கியுடையது, நீங்கள் இருப்பது இன்னொரு நாட்டில், அட்டையோடு பதிந்த போன் இலக்கம் எங்கே?

உவர்மலையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் சென்னைத் தம்பி ஒருவர் போனை நீட்டினார். "பேலன்ஸ் இருக்குண்ணா, ஆனா போக மாட்டேங்குது." திரையில் ஓடிபி கேட்கும் பெட்டி, பக்கத்தில் விநாடிகள் குறைந்துகொண்டிருந்தன.

"தம்பி, உங்கட இந்திய சிம் எங்க?"

"கழட்டி பர்ஸ்ல வெச்சிருக்கேன்."

வங்கி அனுப்பும் ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் கடவு இலக்கம், அந்த சிம்முக்குத்தான் போகும். ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள். இரட்டை சிம் போனில் அதையும் வைத்து, ரோமிங்கைத் திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் மூடிவிடுங்கள். பிரித்தானிய அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். 2022 மார்ச் முதல் அங்கே இணையக் கொடுப்பனவுகளுக்கு இரட்டை உறுதிப்படுத்தல், அதாவது அட்டை விவரத்தோடு இன்னொரு சரிபார்ப்பும், பொதுவாகக் கட்டாயம். பல வங்கிகள் அதைத் தங்கள் செயலியிலேயே கேட்கின்றன. புதுப் போன் வாங்குவதென்றால், அந்தச் செயலி அதில் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பழையதைக் கைவிடுங்கள்.

இந்திய அட்டைக்கு இன்னும் இரண்டு பூட்டுகள் உண்டு. 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பாவனை மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறக்க வேண்டும். மற்றது, 2021 அக்டோபர் 1 முதல் மாதாமாதம் தானாக எடுக்கும் காசுக்கு முன்கூட்டியே ஒப்புதலைப் பதிய வேண்டும். காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கி அறிவித்தல் அனுப்பும். பொதுவாக 15,000 இந்திய ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். இந்த முறைக்குள் வராத நிறுவனம் தானாகக் காசு கேட்டால், எவ்வளவு இருப்பு இருந்தாலும் மறுப்புத்தான். அந்த நிறுவனத்துக்கு ஒவ்வொரு மாதமும் கையால் கட்டுங்கள். அல்லது முடிந்தால் ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

முகவரி விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பில் முகவரி என்ற இடத்தில் நிலாவெளி வீதி, 31000 என்று இப்போதைய முகவரியை எழுதுவது இயல்பே. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா அட்டைகளில் வீட்டு இலக்கத்தையும் அஞ்சல் குறியீட்டையும் வங்கியிடம் உள்ள பதிவோடு ஒப்பிடும் முறை இருக்கிறது. வங்கியில் எந்த முகவரி இருக்கிறதோ அதையே எழுதுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டிருந்தால் நிறுத்துங்கள். அட்டையின் முதல் இலக்கங்களே அது எந்த நாட்டு வங்கியுடையது என்று சொல்லிவிடும். அட்டைக்கும் நீங்கள் இருக்கும் இடத்துக்கும் சம்பந்தமில்லாத இன்னொரு நாட்டை இணையம் காட்டினால் சந்தேகம் கூடும்.

மறுத்தவுடன் மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள், தயவுசெய்து. அதையே மோசடி என்று எடுத்து வங்கி அட்டையைப் பூட்டிவிடக்கூடும். தளத்தில் வரும் செய்தி எதையும் விளக்காது. காரணக் குறியீடு வங்கியிடம் இருக்கும். 51 என்றால் காசு போதவில்லை, 54 என்றால் அட்டை காலாவதி, 57 என்றால் அந்த வகைப் பாவனை அனுமதிக்கப்படவில்லை. 05 மட்டும் தெளிவில்லாதது. வங்கி மறுத்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, கூப்பிட்டுக் கேட்கத்தான் வேண்டும்.

நீண்ட காலம் இருக்கப்போகிறவர்கள் இங்கேயே கணக்குத் திறந்தால், டெபிட் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று கிளையிலேயே கேளுங்கள். டொலரில் கட்டும் சந்தா மாற்று விகிதத்தோடு ஏறி இறங்கும். கணக்கில் சரியாக அந்தத் தொகையை மட்டும் விடாமல் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.

போன், போட்டோகொப்பி வேலை செய்துதரும் கொமியூனிகேஷன் கடையில் கட்டித் தருகிறோம் என்று யாராவது அட்டையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். அட்டையின் பின்புற மூன்று இலக்கமும் ஓடிபியும் உங்களைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது, எவ்வளவு தெரிந்த முகமாக இருந்தாலும்.

வங்கியை அழைக்க, அட்டையில் உள்ள இலவச எண் இங்கிருந்து எடுபடாமல் போகலாம். வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கான தனி எண் இருக்கும். அதைப் புறப்படும் முன்பே எழுதி வையுங்கள். ரொறன்ரோ வங்கியென்றால், இங்கே இரவு எட்டு மணிக்கு அங்கே காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. "நான் இலங்கையில் இருக்கிறேன், இந்த நிறுவனத்தின் மாதக் கொடுப்பனவு, நானேதான் கட்டினேன்" என்று சொல்லி, மறுத்த குறியீட்டைக் கேளுங்கள்.