வைஃபையை இயக்கியதும் உறைந்துபோன மடிக்கணினி: என் அனுபவம்

வைஃபையை இயக்கிய சிறிது நேரத்தில் என் மடிக்கணினி அப்படியே உறைந்துவிடும். சுட்டி நகராது, கேப்ஸ் லாக் விசையை அழுத்தினாலும் அதன் விளக்கு எரியாது. கம்பிவழி இணையத்தில் நாள் முழுவதும் சீராக ஓடியதால், கோளாறு வயர்லெஸ் அட்டையைச் சார்ந்ததே என்று தெளிந்தேன். அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரை மீண்டும் நிறுவியும் பயனில்லை.

சார்ஜரில் உறையாமல் பேட்டரியில் மட்டுமே உறைவதைக் கவனித்த பிறகுதான் மின்சேமிப்பின் மீது ஐயம் எழுந்தது; ஏனெனில் அட்டைக்கு வேலையில்லாத நொடிகளில், அதைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு குறைந்த மின்நிலைக்குச் செல்லும், அதிலிருந்து அட்டை ஒழுங்காக மீளாவிட்டால் மொத்தக் கணினியும் அதற்காகக் காத்து நின்றுவிடக்கூடும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில், பேட்டரிக்குரிய லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை (அந்த இணைப்பின் மின்சேமிப்பை) 'ஆஃப்' என்றும், வயர்லெஸ் அடாப்டரை 'மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' என்றும் மாற்றினேன். உறைவது அடியோடு நின்றது. பேட்டரி மட்டும் சற்று விரைவாகத் தீர்கிறது, அதை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன்.